மூச்சும் கூலியும்

எங்கள் ஊர் வாசிகசாலையில் ஆசிரியர்களும் மாணவர்களும் மாதமொருமுறை கூடிப் பேசுவது வழக்கம். அண்மையில் நடந்த கூட்டமொன்றில் என் முறை வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியனான என்னிடம் அவர்கள் எதிர்பார்ப்பது பெரும்பாலும் பழைய இலக்கிய இயக்கங்களைப் பற்றிய நினைவுகளையே. அன்று நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில், முதுமை வந்த பின்பும் சக்சபோன் வாத்தியத்தைக் கீழே வைக்காத கலைஞர்களைப் பற்றிப் பேசினேன். 1924ஆம் ஆண்டு பிறந்த மார்ஷல் அலன் தமது நூறாவது வயதில் பதிவுசெய்த இசையைச் சிறிது நேரம் கேட்கச் செய்தேன். பளபளக்கும் அங்கியணிந்து அவர் மேடையில் வாசிக்கும் ஒளிப்பதிவு ஒன்றையும் காட்டினேன். வாத்தியம் அலறியது, பின்னர் குழந்தையைப்போல் விம்மியது. மனித உழைப்பின் மகத்துவத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று கேட்டுப் பேச்சை முடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்த பல்கலைக்கழக மாணவியொருத்தி எழுந்தாள்.

“சேர், குறை நினைக்காதையுங்கோ. நூறு வயசு மனிசன் இன்னும் மேடையில நிண்டு ஊதுறார் எண்டால், அது மகத்துவமோ, இல்லாட்டி அவருக்கு வேற வழி இல்லையோ? உங்களுக்கு ஓய்வூதியம் வருது. இப்பிடி ஊதுறவைக்கு என்ன வருது?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் வர்க்கத்தையும் உழைப்பையும் பற்றி வகுப்பெடுத்த ஒருவன் எழுப்பியிருக்க வேண்டிய வினாவை, என் பேரப்பிள்ளை வயதுடைய ஒருத்தி எழுப்பிவிட்டாள். தாமதமாகவேனும் அவளுக்கு நான் சொல்ல முயலும் பதிலே இக்கட்டுரை.

இந்த இசை என் காதுக்கு வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1963ஆம் ஆண்டில் எனக்குப் பதினைந்து வயது. என் மாமா கொழும்பில் ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்தார். அவ்வாண்டு டியூக் எலிங்டனின் இசைக்குழு அமெரிக்க அரசின் செலவில் மத்திய கிழக்கிலும் தென்னாசியாவிலும் சுற்றுப்பயணம் செய்தது, கொழும்பிலும் வாசித்தது. பனிப்போர்க் காலம் அது. தன் நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களை வாக்குச்சாவடிக்கு வரவிடாது தடுத்துவைத்திருந்த ஒரு தேசம், அதே மக்களின் இசையைத் தனது நற்சான்றிதழாக உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தச் செப்டெம்பர் மாதத்திலேதான் அலபாமா மாநிலத்துப் பேர்மிங்ஹாம் நகரில் தேவாலயமொன்றில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து நான்கு கறுப்பினச் சிறுமிகள் மாண்டார்கள்.

மாமாவுக்கு இந்த அரசியலெல்லாம் அன்று தெரியாது. நண்பரொருவர் கொடுத்த நுழைவுச்சீட்டில் போனவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “பெரிய குழல் ஒண்டை வைச்சிருந்த மனிசன், எங்கட ஒத்துக்காரரைப்போல மூச்சு முறியாமல் ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாரடா!” அந்த மனிதர் ஹரி கார்னியாகத்தான் இருக்கவேண்டும் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின் நூல்களைப் படித்து அறிந்தேன். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வாத்தியத்துக்குள் செலுத்தும் அதே கணத்தில் மூக்கினால் புதிய மூச்சை இழுக்கும் வித்தையில் அவர் வல்லவர். 1927இல் பதினேழு வயதில் எலிங்டனின் குழுவில் சேர்ந்து, எலிங்டன் 1974 மே மாதம் இறக்கும்வரை அக்குழுவிலேயே இருந்தார். ஒரே குழுவில் நாற்பத்தேழு ஆண்டுகள்! தலைவர் இறந்த அதே ஆண்டு ஒக்டோபரில் அவரும் இறந்தார்.

மூச்சு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெல்ஜிய நாட்டவரான அடோல்ஃப் சக்ஸ் 1846இல் பாரிஸில் உரிமம் பெற்ற இந்த வாத்தியம், முதலில் இராணுவ வாத்தியக் குழுக்களில் இடம்பிடித்தது. உடல் பித்தளையானாலும் ஒலி பிறப்பது நாணலில் சீவிய ஒரு சிறு சீவாளியில். அந்தச் சீவாளியை அடக்கியாள்வது கீழுதட்டுத் தசை. ஊதுவாயைப் பற்றிக்கொள்வது மேற்பல். காற்றை அளந்து அனுப்புவது உதரவிதானம். முதுமை முதலில் கைவைப்பது இவற்றின் மீதுதான். பல் ஆடுகிறது, உதடு தளர்கிறது, மார்பு சுருங்குகிறது. மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட எடையுள்ள நடுத்தரச் சக்சபோனைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் நிற்பது இளைஞருக்கே எளிதன்று. பியானோக்காரர் தம் வயதை விரல்களுக்குள் சற்று மறைத்துக்கொள்ளலாம். சக்சபோன்காரரின் வயது ஒவ்வொரு சுரத்திலும் கேட்கும்.

நியூயோர்க்கில் 1973இல் பழைய தலைமுறை ஜாஸ் கலைஞர்களைத் திரட்டி ஹார்லெம் புளூஸ் அன்ட் ஜாஸ் பான்ட் என்ற குழுவை அமைத்தவர், பற்களைச் சீரமைக்கும் வைத்தியர் ஒருவர். இதை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அதன் பொருத்தம் புலப்பட்டது. அக்குழுவில் வாசித்த ஃபிரெட் ஸ்டேட்டன் 1915இல் பிறந்தவர். நூறு வயதைத் தாண்டியும் சக்சபோன் வாசித்து, 2017இல் 102ஆவது வயதில் மறைந்தார்.

ஆனால் முதுமையைப் போற்றுவதற்குமுன், முதுமையை எட்டாதவர்களை நினைக்கவேண்டும். சார்லி பார்க்கர் 1955இல் இறந்தபோது வயது முப்பத்துநான்கு. சடலத்தைப் பரிசோதித்த வைத்தியர் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர் என்றே மதிப்பிட்டார். லெஸ்டர் யங் 1959இல் நாற்பத்தொன்பது வயதில் இறந்தார். அவர் 1945இல் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு இராணுவச் சிறையில் அடைக்கப்பட்டவர். எரிக் டொல்ஃபி முப்பத்தாறு வயதில் போனார். ஜோன் கோல்ட்ரேன் நாற்பது வயதில் போனார்.

போதைப்பொருளும் மதுவும் என்று ஒரு வரியில் சொல்லிவிடுவோர் உளர். அவை உண்மைதான். ஆயினும் அவர்கள் தொழில்செய்த இடம் எது என்பதையும் கேட்கவேண்டும். இரவு முழுவதும் மது விற்கும் விடுதிகளே அவர்களுடைய தொழிற்சாலைகள். நியூயோர்க் நகரில் 1940 முதல் 1967 வரை, மது விற்கும் விடுதிகளில் வாசிப்போர் காவல்துறையிடம் கைரேகை பதித்து அடையாள அட்டை பெறவேண்டும். அட்டையைப் பறித்தால் அந்நகரின் விடுதிகளில் பிழைப்பு இல்லை. பார்க்கரின் அட்டையை 1951இல் பறித்தார்கள். நோயுற்ற தொழிலாளிக்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலாக அவன் கருவியைப் பறிக்கும் முறை இது. இத்தகைய உலகில் ஒரு கறுப்பினச் சக்சபோன் கலைஞர் எண்பது வயதுவரை உயிரோடிருந்து ஊதினார் என்றால், அந்த வயதே அவர் பெற்ற முதல் வெற்றி.

இப்போது மார்ஷல் அலனிடம் வருகிறேன். கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் பிறந்த அவர், இரண்டாம் உலகப்போரில் கறுப்பினத்தவருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட படைப்பிரிவில் பணிசெய்தார். போர் முடிந்தபின் பாரிஸில் இசை பயின்று, சிக்காகோவுக்குத் திரும்பி, 1950களின் பிற்பகுதியில் சன் ராவின் குழுவில் சேர்ந்தார். சன் ரா விசித்திரமான மனிதர். நான் மேலே குறிப்பிட்ட அதே பேர்மிங்ஹாம் நகரில் 1914இல் பிறந்தவர். உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்றவர். தாம் சனிக் கிரகத்திலிருந்து வந்தவர் என்று சொல்லிக்கொண்டவர். பூமியில் தம் இனத்துக்கு இடமில்லை என்று கண்ட ஒருவர் வானத்தில் ஊர் தேடியதை, பைத்தியம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

1968இல் அக்குழு பிலடெல்பியா நகரின் ஜேர்மன்டவுன் பகுதியில் ஒரு வீட்டில் குடியேறியது. வீடு அலனின் தந்தையாருக்குச் சொந்தமானது. அங்கே கலைஞர்கள் ஒன்றாக வாழ்ந்து, ஒன்றாக உண்டு, நேரகாலமின்றிப் பயிற்சி செய்தார்கள். பணம் குறைவு, வாசிப்பு நிறைய. 1993இல் சன் ரா மறைந்தார். அவருக்குப்பின் தலைமையேற்ற சக்சபோன் கலைஞர் ஜோன் கில்மோர் 1995இல் மறைந்தார். எழுபத்தொரு வயதான அலனின் தோள்மீது குழு வந்து விழுந்தது. நம் நாட்டில் அந்த வயதில் ஒருவர் புதிய பொறுப்பேற்றால் வீட்டார் தடுப்பார்கள். அவரோ அதன்பின்னும் முப்பது ஆண்டுகள் அக்குழுவை நடத்தினார். நூறாவது பிறந்தநாள் கழிந்த சில நாட்களில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய், தம் பெயரில் முதன்முதலாக ஓர் இசைத்தட்டுக்கு வாசித்தார். ‘புதிய விடியல்’ என்று பொருள்படும் பெயருடன் அது 2025 பெப்ரவரியில் வெளிவந்தது.

அதைக் கேட்டபோது எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். வேகம் காட்டவேண்டும் என்ற அவா அதில் இல்லை. ஒரு சுரத்தை எடுத்து அது தானாக நடுங்கும்வரை பிடித்து, பின்னர் விட்டுவிடுகிறார். இளமையில் மூச்சு செல்வந்தர் வீட்டு நெல்லைப்போல் கொட்டிக் கிடக்கிறது. முதுமையில் ஒவ்வொரு மூச்சையும் எண்ணிச் செலவிடவேண்டியிருக்கிறது. எதைச் சொல்லவேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அந்தச் சிக்கனம் கைவரும்.

இரண்டாவதாக, சொனி ரோலின்ஸ். 1930இல் ஹார்லெமில் பிறந்த இவர், ‘விடுதலை’ என்ற சொல்லைத் தலைப்பில் தாங்கிய இசைக்கோவையொன்றை 1958இலேயே வெளியிட்டவர். புகழின் உச்சியில் நின்றபோது, தம் வாசிப்பில் தமக்கே நிறைவில்லை என்று மேடையைத் துறந்து, 1959 முதல் 1961 வரை நியூயோர்க்கின் வில்லியம்ஸ்பேர்க் பாலத்தின்மேல் நின்று தனியே சாதகம் செய்தார். 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி உலக வர்த்தக மையக் கோபுரங்கள் வீழ்ந்தபோது அவருடைய இல்லம் சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தது. வீட்டைவிட்டு வெளியேறச் சொன்னபோது எழுபத்தொரு வயதான அவர் சக்சபோனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார். நான்கு நாட்களுக்குப்பின் பொஸ்டன் நகரில் வாசித்தார். அவ்விரவின் ஒலிப்பதிவு 2005இல் இசைத்தட்டாக வந்தது. பின்னர் நுரையீரல் நோய் அவரை முடக்கியது. 2012க்குப்பின் மேடையேறவில்லை, 2014இல் ஓய்வை அறிவித்தார்.

மூன்றாமவர் பில் வூட்ஸ். வெள்ளையரான இவர் சார்லி பார்க்கரை ஆதர்சமாகக் கொண்டவர். 2015 செப்டெம்பர் 4ஆம் திகதி, பிட்ஸ்பேர்க் நகரில், எண்பத்துமூன்று வயதில், பக்கத்தில் ஒட்சிசன் கலனை வைத்துக்கொண்டு பார்க்கரின் இசையை வாசித்து முடித்தார். இதுவே கடைசி என்று சபையோருக்குச் சொன்னார். அம்மாதம் 29ஆம் திகதி காலமானார்.

ரோலின்ஸ் நிறுத்தியதையும் வூட்ஸ் கடைசிவரை வாசித்ததையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன். இருவரும் தாமே முடிவெடுத்தார்கள். மாணவியின் கேள்வி கூர்மை பெறுவது இங்கேதான். அப்படி முடிவெடுக்கும் வாய்ப்பு எத்தனைபேருக்கு இருந்தது?

பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. ஜாஸ் கலைஞரின் கூலி பல தலைமுறைகளாக இரவோடு இரவாகக் கையில் கொடுக்கப்பட்ட காசு. முதலாளி பெயரளவிலும் இல்லாததால், அரசின் சமூகப் பாதுகாப்பு நிதியில் அவர்களுடைய உழைப்பில் பெரும்பகுதி பதிவாகவே இல்லை. இசைத்தட்டில் பக்கவாத்தியமாக வாசித்தவருக்கு ஒருதடவைக் கொடுப்பனவு. தட்டு ஐம்பது ஆண்டுகள் விற்றாலும் அவருக்கு வேறு பங்கில்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் இயற்றியவருக்குப் பணம் போகும்; வாசித்தவருக்குப் பணம் கொடுக்கவேண்டுமென்ற சட்டம் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வரவேயில்லை. ஆயிரம் தடவை காற்றில் பறந்த ஒருவருடைய மூச்சுக்கு ஒரு சதமும் திரும்பி வரவில்லை!

அவர்கள் வாளாவிருந்தார்கள் என்றும் எண்ணலாகாது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இசைக் கலைஞருக்கு நிறவாரியாக இரண்டு தொழிற்சங்கங்கள் இருந்தன. நல்ல கூலி தரும் சினிமாக் கூடங்கள் வெள்ளையர் சங்கத்தின் கையில் இருந்தன. சக்சபோன் கலைஞர்களான பெனி கார்ட்டரும் படி கொலெட்டும் பிறரும் பாடுபட்டு 1953இல் இரு சங்கங்களையும் ஒன்றாக்கினார்கள். 1907இல் பிறந்த கார்ட்டர் எண்பது வயதைக் கடந்தபின்பும் மேடையில் வாசித்தார். அவருடைய முதுமை கௌரவமாக இருந்ததற்கு இசைஞானம் மட்டும் காரணமன்று. நியூயோர்க்கில் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், நுழைவுச்சீட்டு வரியை நீக்கினால் அப்பணத்தைக் கலைஞரின் ஓய்வூதிய நிதிக்குத் திருப்பலாம் என்று சங்கம் வாதாடியது. வரி நீங்கியது, பணம் நிதிக்கு வரவில்லை என்று சங்கத்தார் தெருவில் இறங்கிக் குரலெழுப்பவேண்டியதாயிற்று. 1989இல் தோன்றிய அமெரிக்க ஜாஸ் நிறுவனம், முதிய கலைஞரின் வாடகைக்கும் மருத்துவத்துக்கும் உதவியதோடு, பாடசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் கூலியுடன் கச்சேரிகள் அமைத்துக் கொடுத்தது. 1993இல் நியூ ஜேர்சி மருத்துவமனையொன்றில் இறந்த எக்காள மேதை டிசி கில்லெஸ்பியின் வேண்டுகோளால், வசதியற்ற கலைஞருக்கு அங்கே இலவச சிகிச்சை கிடைத்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் உரிமையாக வரவேண்டியது தருமமாக வந்தது என்பதை மறைக்கலாகாது.

இவற்றையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தபோது, அமெரிக்காவைக் குற்றஞ்சாட்டும் என் பேனா ஓரிடத்தில் நின்றுவிட்டது. என் சொந்தக் கணக்கு நினைவுக்கு வந்தது.

1970களில் நாங்கள் ஒரு கலைவிழா நடத்தினோம். உழைக்கும் மக்களின் கலையைக் கௌரவிப்பது எங்கள் நோக்கம். எழுபது வயதைக் கடந்த நாதசுரக் கலைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் அன்று தோடி வாசித்தார். மேல்ஸ்தாயியில் ஓரிடத்தில் மூச்சு தடுமாறியது. அதை மறைக்காமல் நின்று, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சென்றார். நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். சுரண்டலைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசினேன். சன்மானம் கொடுக்கவில்லை. இவ்வளவு பெரிய கலைஞருக்குக் காசு கொடுப்பது அவமதிப்பாகும் என்று எங்களுக்குள் ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன்.

விழா முடிந்து விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னருகில் வந்தார்.

“மாஸ்ரர், சால்வை நல்லாயிருக்கு. தவில்காரப் பெடியனுக்கு வஸ் காசெண்டாலும் தந்தியளெண்டால் உதவியாயிருக்கும்.”

தமக்கென்று அவர் கேட்கவில்லை. சட்டைப்பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அது போதாது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதன்பின் பல ஆண்டுகள் அவர் கோயில் வாசல்களில் வாசித்ததைக் கண்டிருக்கிறேன். இந்த வயதிலும் என்ன கலைத்தாகம் என்று வியந்திருக்கிறேன். வியப்பது எனக்குச் செலவில்லாத காரியமாக இருந்தது.

ஆகவே, மகளே, உன் கேள்விக்கு என் பதில் இது. முதிய கலைஞர் மேடையில் நிற்பதே சுரண்டலென்று நான் ஒப்பமாட்டேன். அறுபது வயதானதும் மனிதனைக் கழித்துவிடும் வழக்கம் எங்கள் திணைக்களங்களுக்குரியது. கலை அதற்குக் கட்டுப்பட்டதன்று. நான் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு கற்பித்தலை நிறுத்தினேன். அலன் நூறு வயதில் புதிதாகத் தொடங்கினார். எங்கள் இருவரில் அதிகம் உயிரோடு இருந்தவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன் கேள்வி அதனால் அழிந்துவிடவில்லை. வாடகைக்காக ஊதும் எண்பது வயதுக் கிழவரும் இன்பத்துக்காக ஊதும் எண்பது வயதுக் கிழவரும் கீழேயிருந்து பார்க்கும் எமக்கு ஒரேமாதிரித்தான் தெரிவார்கள். கைதட்டல் அந்த வேறுபாட்டை மறைத்துவிடும். நாளைக்கு ஊதாமல் வீட்டிலிருந்தாலும் அடுப்பு எரியும் என்ற நிலையில் ஒருவர் மேடைக்கு வந்தால், அந்த மூச்சு அவருடையது. அந்த நிலையை எல்லோருக்கும் உண்டாக்குவது இரசிகரின் கருணையால் ஆகாது. சங்கமும் சட்டமும் கணக்குப் புத்தகமும் வேண்டும்.

இந்தப் பதிலை அடுத்த மாதக் கூட்டத்தில் வாசித்தேன். இம்முறை கைதட்டல் குறைவு. அவ்வாண்டு விழாவுக்கு வயோதிப நாதசுரக் கலைஞர் ஒருவரை அழைப்பதென்று முடிவாயிற்று. எவ்வளவு கொடுப்பது, எப்படிச் சேர்ப்பது என்று ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. பொன்னாடையை நிறுத்திவிட்டால் செலவு மிஞ்சும் என்று ஒருவர் சொன்னார். அந்த மாணவி அதற்குச் சம்மதிக்கவில்லை.

“சால்வையும் குடுப்பம். முதல்ல காசைக் குடுத்துப்போட்டுக் குடுப்பம்” என்று சொல்லி, கூட்டக் குறிப்பேட்டை என் கையிலிருந்து வாங்கித் தொகையை எழுதினாள்.